கலகக்காரனின் மனைவி

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், அந்தீஸ் மலைத்தொடரின் மேலே, குஸ்கோ என்றொரு பழைய நகரம் இருக்கின்றது. ஒரு காலத்தில் அது இன்காக்களின் தலைநகர். 1781ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி அந்நகரின் பெரிய சதுக்கத்திலே, ஸ்பானிய அரசுக்கு எதிராகக் கிளர்ந்த குற்றத்துக்காக ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் இருவர் பெண்கள். கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய இரண்டாம் துபாக் அமாருவின் பெயரை உலக வரலாறு படித்த பலர் அறிவர். அன்று அவருக்கு முன்னதாக, அவருடைய கண்ணெதிரிலேயே கொல்லப்பட்ட மிக்காயேலா பஸ்திதாஸ் என்ற பெண்ணைத் தேடிப் போனால் அநேகமான நூல்களில் ஒரு வரிதான் அகப்படும். துபாக் அமாருவின் மனைவி.

அந்த வரியிற் பிழை இல்லை. ஆனால் அவரைத் தூக்குமேடைக்கு அனுப்பிய நீதிமன்றமே அந்த ஒரு வரியோடு திருப்திப்படவில்லை. அவர் என்னென்ன வேலைகளைச் செய்தார் என்பதை அது ஒன்றொன்றாகக் கேட்டு எழுதிவைத்தது. அதைப் பற்றித்தான் இம்முறை எழுத விரும்புகிறேன்.

இதைச் சொல்வதற்குச் சற்றுப் பின்னாலே போகவேண்டும். 1532இல் பிசாரோ என்ற ஸ்பானியத் தளபதி 170க்கும் குறைவான ஆட்களுடன் வந்து இன்கா மன்னன் அத்தஹுவல்பாவைச் சிறைப்பிடித்தான், மறு ஆண்டில் கொன்றான், அத்துடன் பேரரசு முடிந்தது என்றுதான் நாம் பாடசாலையிற் படித்தோம். அது முடியவில்லை. ஸ்பானியரே தமக்குப் பொம்மையாக இருக்கட்டும் என்று முடிசூட்டிய மான்கோ இன்கா, 1536இல் அவர்களுக்கு எதிராகத் திரும்பிக் குஸ்கோவை மாதக்கணக்கில் முற்றுகையிட்டான். நகரை மீட்க முடியாமற் போகவே வில்கபம்பா என்ற காட்டு மலைப்பகுதிக்குப் பின்வாங்கினான். அங்கே ஒரு சிறிய இன்கா அரசு 1572 வரை தாக்குப்பிடித்தது.

மான்கோவின் கோபத்துக்கான காரணங்களில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பிசாரோவின் தம்பியான கொன்சாலோ, மான்கோவின் மனைவி குரா ஒக்லோவைத் தனக்குத் தரும்படி கேட்டான். பிறகு அபகரித்தும் கொண்டான். முற்றுகைக்குப் பின்னரான காலத்தில் கணவனோடு மலையிலிருந்த அவளை 1539இல் ஸ்பானியர் மீண்டும் பிடித்தனர். மான்கோ சரணடையவில்லை என்ற ஆத்திரத்தில் பிசாரோ அவளைக் கட்டிவைத்து அடிப்பித்து, அம்பெய்து கொல்லச் செய்தான். உடலை ஒரு கூடையில் இட்டு ஆற்றோடு விட்டார்கள். கீழே கணவனின் ஆட்கள் கண்டெடுக்கட்டும் என்பது அதன் நோக்கம். அதாவது அவளுடைய உடல் ஓர் ஆண் இன்னோர் ஆணுக்கு அனுப்பிய கடிதமாயிற்று. அவள் என்ன சொன்னாள், என்ன நினைத்தாள் என்பதைக் கேட்டு எழுத எவரும் இருக்கவில்லை.

1572இல் வில்கபம்பாவும் வீழ்ந்தது. அதன் கடைசி அரசனான துபாக் அமாரு குஸ்கோவிற்குக் கொண்டுவரப்பட்டுத் தலை வெட்டப்பட்டான். அந்தத் தண்டனையை நிறைவேற்றிய அரசப் பிரதிநிதி தொலேதோதான் 'மீத்தா' என்ற கட்டாய வேலை முறையையும் ஒழுங்குபடுத்தினார். இது இன்காக்கள் காலத்துப் பழைய முறை. ஸ்பானியர் அதைத் தங்கள் வெள்ளிச் சுரங்கங்களுக்காகத் திருப்பிக்கொண்டனர். குறித்த மாகாணங்களில் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கினர் முறைவைத்துப் பொத்தோசி மலைக்குப் போகவேண்டும். போனவர்களிற் பலர் திரும்பவில்லை. பல குடும்பங்கள் பெண்கள், பிள்ளைகள், சுமை மிருகங்கள் எல்லாவற்றோடும் வாரக்கணக்கில் நடந்தே போயின. கணக்கில் எழுதப்பட்டது ஆணின் பெயர் மட்டும். ஆனால் அங்கே அவனுக்குச் சமைத்தது, சந்தையில் விற்றுக் கூலியின் பற்றாக்குறையை நிரப்பியது எல்லாம் கூடப்போனவள்.

(ஓர் இடைக்குறிப்பு. 1580 முதல் 1640 வரை ஸ்பானியாவின் முடியும் போர்த்துக்கலின் முடியும் ஒரே அரசனின் தலையிலேயே இருந்தன. ஆகவே 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தபோது, பொத்தோசி வெள்ளிக்கும் நமது நிலத்துக்கும் அரசன் ஒருவனே.)

பதினெட்டாம் நூற்றாண்டில் இன்னொரு கொடுமை சேர்ந்தது. மாவட்டங்களை நிர்வகித்த 'கொரெகிதோர்' எனும் அதிகாரிகள் தங்கள் பதவியைக் கடன்பட்டுப் பணம் கொடுத்து வாங்கினார்கள். போட்ட முதலை எடுப்பதற்கு அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. கோவேறு கழுதை, துணி, இரும்பு முதலியவற்றைச் சந்தை விலையிலும் பன்மடங்கு கூட்டி, வேண்டுமோ வேண்டாமோ, குடிமக்கள் தலையிற் கட்டுவார்கள். ஐம்பதுகளில் இதைச் சட்டபூர்வமாக்கி, இன்ன மாவட்டத்தில் இவ்வளவுக்கு விற்கலாம் என்று அரசே எல்லை வகுத்தது. அந்த எல்லையையும் அதிகாரிகள் மதிக்கவில்லை. கட்ட முடியாதவனின் மாடு போகும், அல்லது அவனே நெசவாலைக்குப் போவான். இதன்மேல் 1776இல் விற்பனை வரி நூற்றுக்கு 4இலிருந்து 6ஆக உயர்த்தப்பட்டது. சந்தையில் விற்கும் பெண்களையும் சுமை ஏற்றுவோரையும் அது நேரடியாகத் தாக்கியது.

இந்தச் சூழலில்தான் மிக்காயேலாவும் ஹொசே கப்ரியேல் கொண்டோர்கன்கியும் வாழ்ந்தார்கள். அவர் வில்கபம்பாவின் கடைசி அரசனின் வழித்தோன்றல். மூன்று ஊர்களுக்குக் குறுநிலத் தலைவர். அத்துடன் குஸ்கோவிலிருந்து பொத்தோசி வரையான நெடும்பாதையில் 350 கோவேறு கழுதைகளோடு சரக்கேற்றும் வியாபாரி. மிக்காயேலா 1744இல் பிறந்தவர். தாய் சுதேசப் பெண். தந்தைவழியில் ஆபிரிக்க இரத்தம் இருந்ததாகக் கருதப்படுகிறது. 1760 மே மாதத்தில், பதினாறு வயது நிரம்புமுன்னரே, மணமாயிற்று. மூன்று ஆண் பிள்ளைகள். பேச்சு மொழி கெச்சுவா.

கணவன் மாதக்கணக்கில் பாதையில் இருக்கும்போது வீட்டில் இருந்தவள் என்ன செய்தாள்? ஆட்களைக் கூலிக்கு அமர்த்தினாள், கொடுக்கல் வாங்கல் பார்த்தாள், வரவேண்டிய கடனை அறவிட்டாள். எந்த ஊரில் எவரிடம் தானியம் இருக்கும், எந்தப் பாலத்தில் எவர் காவல், எந்தத் தலைவர் நம்பத்தக்கவர் என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்திருக்கும். 1777இல் கணவர் தமது மக்களை மீத்தாவிலிருந்து விடுவிக்கும்படி லீமா நகருக்குப் போய் அதிகாரிகளிடம் மன்றாடினார். பலனின்றி மறு ஆண்டில் திரும்பினார். அக்காலம் முழுவதும் அந்தக் குடும்பத்தையும் தொழிலையும் யார் கொண்டு நடத்தியிருப்பார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

1780 நவம்பர் 4ஆம் திகதி துபாக் அமாரு அந்தப் பகுதியின் கொரெகிதோரான அரியாகாவைப் பிடித்தார். 10ஆம் திகதி துங்கசுக்கா என்ற ஊரில், கூடியிருந்த மக்களின் முன்னிலையில் அவன் தூக்கிலிடப்பட்டான். 16ஆம் திகதி, கிளர்ச்சியோடு சேரும் அடிமைகள் விடுதலை பெறுவர் என்று அறிவித்தல் வெளிவந்தது. அமெரிக்கக் கண்டத்தில் அந்த வார்த்தை அவ்வளவு இலகுவாக எவரும் சொல்லாத காலம் அது. பல்லாயிரம் பேர் திரண்டனர்.

கணவர் படையோடு புறப்பட்டார். மிக்காயேலா துங்கசுக்காவில் இருந்தார். 'இருந்தார்' என்று எழுதும்போதே எனது கை நிற்கின்றது, ஏனெனில் வீட்டில் இருந்தார் என்பது போலத் தொனிக்கிறது. அந்த ஊர்தான் கிளர்ச்சியின் தலைமையகம். உணவு, கொக்கா இலை, உடுப்பு, ஆயுதம், பணம் எல்லாம் அங்கே வந்து சேர்ந்து அங்கிருந்துதான் போயின. பாதையில் போவோர் வருவோருக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தவர் அவர். காவல் போட்டவர், ஒற்றர்களை அனுப்பியவர், பாலங்களை வெட்டச் சொன்னவர், தயங்கிய ஊர்த்தலைவர்களுக்குக் கடிதம் விட்டவர், வராதவர்களை வெருட்டியவர் எல்லாம் அவரே. எழுதத் தெரியாது என்றே விசாரணையில் அவர் கூறியிருக்கிறார். ஆகவே எழுத்தர்கள் எழுத, அவர் சொல்லியிருக்க வேண்டும். கழுதைப் பாதையின் வலைப்பின்னல் அப்படியே போர்ப்பாதையின் வலைப்பின்னலாயிற்று. அதன் கணக்கு ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

எனது வேலையில் குடும்ப விபரப் படிவங்கள் நிறையக் கைகளிற் படும். 'தொழில்' என்ற கூட்டுக்குள் ஆணுக்கு நேரே கூலி, கடற்றொழில், மேசன் என்று ஏதாவது இருக்கும். பெண்ணுக்கு நேரே பெரும்பாலும் 'இல்லை' என்றிருக்கும், அல்லது ஒரு கோடு கீறியிருக்கும். அதைச் சொன்னவளும் பல வேளைகளில் அவளேதான். ஆடு வளர்த்து, தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டி, சீட்டுப் பிடித்து, கடனுக்குப் பதில் சொல்லி, பிள்ளைகளைப் படிப்பித்துக்கொண்டு, "நான் ஒரு தொழிலும் செய்யிறதில்லை, பிள்ளை" என்பாள். சமூகவியல் படித்த நாட்களில் விவசாயிகள் கிளர்ச்சி பற்றிய பாடங்களில் வரியையும் வர்க்கத்தையும் விரிவாகப் படித்தோம். ஐயாயிரம் பேருக்கு அன்றிரவு சோறு எங்கிருந்து வந்தது என்று எவரும் எங்களிடம் கேட்கவில்லை.

நவம்பர் 18ஆம் திகதி சங்கராரா என்ற ஊரில் கிளர்ச்சியாளர் பெரிய வெற்றி பெற்றனர். அந்த வெற்றியை என்னால் மகிழ்ச்சியோடு எழுத முடியவில்லை. அரச தரப்பினர் தேவாலயத்துக்குள் ஒதுங்கினார்கள். வெடிமருந்து தீப்பற்றியது, தேவாலயம் எரிந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். யார் தீ வைத்தது என்பதில் இரு தரப்பும் இரு கதை சொன்னது. ஒதுங்கிய இடம் எரிவது என்றால் என்னவென்று இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குஸ்கோ ஆயர் மொஸ்கோசோ உடனே துபாக் அமாருவைத் திருச்சபையிலிருந்து விலக்கி, அந்த அறிவித்தலைத் தேவாலயக் கதவுகளில் ஒட்டுவித்தார். பக்தியுள்ள மக்களிடையே அது துப்பாக்கியைவிடக் கூடிய சேதத்தைச் செய்தது. மிக்காயேலாவும் பக்தியுள்ள கத்தோலிக்கப் பெண்தான். அந்தத் தாள்களைக் கிழித்தெறியச் சொன்னதும் அவரே என்கிறார்கள்.

சங்கராராவின் பின் குஸ்கோவிற்குப் போகும் வழி திறந்து கிடந்தது. நகரில் போதிய படை இல்லை. ஆனால் துபாக் அமாரு தெற்கே திரும்பினார். தீத்திக்காக்கா ஏரிப் பக்கத்து ஊர்களைத் தம்முடன் சேர்ப்பது அவரது எண்ணம். டிசம்பர் ஆரம்பத்தில் மிக்காயேலா அவருக்கு அனுப்பிய கடிதங்கள்தான் இன்று அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நேரடியான சாட்சி. அன்பாகச் செல்லப் பெயரால் அழைத்துத்தான் தொடங்குகிறார். அதன்பின் கடிந்துகொள்கிறார். ஊர் ஊராக ஆறுதலாக நடக்கிறீர்கள், போர்வீரர்களுக்கு அலுத்துவிடும், ஒவ்வொருவராகத் தத்தம் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அதற்குள் எதிரிக்கு லீமாவிலிருந்து உதவி வந்துவிடும், நம் எல்லாருடைய உயிரும் போகும் என்பது அவற்றின் சாரம். பலமுறை சொல்லிவிட்டேன், கேட்கவில்லையே என்ற சலிப்பும் உண்டு. நீங்கள் போகாவிட்டால் நானே ஆட்களைத் திரட்டிக்கொண்டு போவேன் என்ற தொனியும் உண்டு.

மனைவி சொல் கேட்டிருந்தால் வென்றிருப்பான் என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நகருக்குள் இருந்த சுதேச மக்களையும் கலப்பினத்தவரையும் கொன்று நுழைய அவர் தயங்கினார் என்பதும், தெற்கின் ஆதரவு இல்லாமல் நகரைப் பிடித்தாலும் வைத்திருக்க முடியாது என்பதும் அற்பமான காரணங்கள் அல்ல. ஆனால் நடந்தது அவர் எச்சரித்தபடியேதான். டிசம்பர் 28இல் முற்றுகை தொடங்கியபோது நகரம் தயாராகிவிட்டது. சின்செரோ ஊரின் தலைவர் புமாக்காவா முதலிய சுதேசத் தலைவர்களும் அரச பக்கம் நின்றனர். இன்கா வம்சம் என்றாலே எல்லாரும் ஒன்று என்று எண்ணவேண்டாம். ஜனவரி 10ஆம் திகதி முற்றுகை கைவிடப்பட்டது. ஆட்கள் வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். 1781 ஏப்ரல் மாதத்தில் காட்டிக்கொடுக்கப்பட்டுத் துபாக் அமாரு பிடிபட, தப்பிச்செல்ல முயன்ற மிக்காயேலாவும் பிள்ளைகளும் அதே நாட்களில் பிடிபட்டனர்.

இனி அந்த விசாரணை. கைப்பற்றப்பட்ட அவருடைய கடிதங்களும் கட்டளைகளும் அனுமதிச் சீட்டுகளும் ஒரு கட்டாகக் கட்டப்பட்டு வழக்குக்குச் சான்றாக வைக்கப்பட்டன. அரச தரப்பு அவற்றை வாசித்துக் காட்டியது. சாட்சிகள் வந்து, கணவனைவிட இவள்தான் கடுமையாகக் கட்டளையிட்டாள், இவளுக்குத்தான் பயந்தோம் என்றனர். அவருடைய சார்பில் நின்ற சட்டத்தரணிக்கு ஒரே ஒரு வாதம்தான் மிஞ்சியது. இவள் எழுத்தறிவில்லாத ஒரு பெண், புருஷன் சொன்னதைச் செய்தாள், வேறொன்றும் அறியாள். மிக்காயேலாவும் உயிரைக் காப்பாற்றவோ மற்றவர்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கவோ அவ்வாறே பதில் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டம் பெண்ணுக்கு வைத்திருந்த ஒரே ஒதுங்கிடம் அதுதான். வாழ்நாள் முழுவதும் உதவாத 'வெறும் மனைவி' என்ற சொல், அன்று ஒரு நாளாவது உதவியிருக்கலாம்.

நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அது அவரை மனைவியாகத் தண்டிக்கவில்லை, தலைவியாகத் தண்டித்தது. எதிரியின் ஏட்டில்தான் அந்தப் பெண்ணின் தொழில் முழுமையாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டு ஸ்பானியாவின் செவில் நகர ஆவணக் காப்பகத்தில் இன்றும் உண்டு. சிநேகிதர்களின் நூல்களில் இல்லாத விபரமெல்லாம் அதிலே இருக்கிறது.

மே 18ஆம் திகதி நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூத்த மகன் ஹிப்பொலித்தோ பெற்றோரின் முன்னால் கொல்லப்பட்டான். ஆக்கோஸ் ஊரின் பெண் தலைவி தொமாசா தீத்தோ கொண்டெமைத்தா கொல்லப்பட்டார். இவர் எவருடைய மனைவி என்பதற்காகவும் அங்கே நிற்கவில்லை. தமது சொந்தப் பதவியால் தலைவியாக இருந்து ஆட்களையும் பணத்தையும் கொண்டுவந்து சேர்த்தவர். பிறகு மிக்காயேலா. அவருடைய கழுத்து மெல்லியதாக இருந்ததால் கழுத்தை நெரிக்கும் இரும்புப் பொறி வேலை செய்யவில்லை. கயிறு போட்டு இழுத்தும், உதைத்தும் கொன்றார்கள். கடைசியில் துபாக் அமாரு. கடைக்குட்டி பெர்னாந்தோவுக்கு வயது பன்னிரண்டு. கொல்லவில்லை, பார்க்க வைத்தார்கள். அவன் இட்ட ஓலத்தைப் பற்றி அன்றைய எழுத்துகளே குறிப்பிடுகின்றன. அவன் பின்னர் ஸ்பானியாவிற்கு நாடு கடத்தப்பட்டு, 1798இல் அங்கேயே இறந்தான்.

தண்டனைத் தீர்ப்பை எழுதிய அரேச்சே என்ற அதிகாரி அத்துடன் நிற்கவில்லை. இன்கா உடைகள், இன்கா அரசர்களின் ஓவியங்கள், பழைய காலத்தை நினைவூட்டும் நாடகங்கள், ஊதும் சங்குகள் எல்லாவற்றையும் தடைசெய்து, கெச்சுவா மொழியை விட்டு ஸ்பானிய மொழியைப் பேசப் பழக வேண்டுமென்றும் கட்டளையிட்டார். கெச்சுவா சாகவில்லை. தாய்மார் பிள்ளைகளோடு அதிலேயே கதைத்துக்கொண்டிருந்தார்கள். அரேச்சேயின் ஆட்களால் சமையற்கட்டுகளுக்குள் போய் நிற்க முடியவில்லை. 1975இல் பெரு அரசு அதை அரச கரும மொழிகளில் ஒன்றாக்கியது.

கிளர்ச்சியும் அன்றோடு அடங்கவில்லை. இன்றைய பொலிவியாவில் உள்ள லா பாஸ் நகரை 1781 மார்ச் மாதத்திலிருந்து ஐமாரா மக்கள் முற்றுகையிட்டிருந்தனர். அதன் தலைவர் துபாக் கத்தாரி. அவரோடு சமமாக நின்று படை நடத்தியவர் அவருடைய துணைவி பார்த்தோலினா சீசா, நெசவும் கொக்கா வியாபாரமும் செய்த பெண். கத்தாரியின் சகோதரி கிரகோரியா அபாசா, சொராத்தா என்ற ஊரின் முற்றுகையில் முன்னின்றார். அங்கே தண்ணீரைத் தேக்கி உடைத்துவிட்டு ஊரின் மதிலைத் தகர்த்தார்கள். பார்த்தோலினா அந்த ஆண்டு ஜூலையிலேயே பிடிபட்டு, ஓராண்டுக்கும் மேலாகச் சிறையில் கிடந்தார். 1782 செப்டெம்பர் 5ஆம் திகதி இருவரும் லா பாஸில் ஒரே நாளிற் கொல்லப்பட்டனர். இரு தரப்பிலுமாக ஒரு இலட்சம் பேர் வரை இந்தக் கிளர்ச்சிகளில் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலானோர் பெயரில்லாதவர்கள்.

செப்டெம்பர் 5ஆம் திகதியை 1983இல், அமெரிக்கக் கண்டத்துச் சுதேச அமைப்புகள் தீயவனாக்கு என்ற இடத்திற் கூடியபோது, சுதேசப் பெண்களின் சர்வதேச தினமாகத் தெரிவுசெய்தன. அதற்கு முன்னரே, 1980இல், பொலிவியாவின் விவசாயப் பெண்கள் தமக்கென ஒரு தேசிய சம்மேளனத்தை அமைத்து அதற்குப் பார்த்தோலினா சீசாவின் பெயரை இட்டிருந்தார்கள். ஆண்களின் விவசாயச் சங்கத்தில் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்க அவர்கள் விரும்பவில்லை. கத்தாரியின் மனைவி என்றெல்லாம் எவரும் அங்கே விளக்கம் சொல்வதில்லை. அந்தச் சங்கத்துப் பெண்களை ஊரார் அழைப்பது 'பார்த்தோலினாக்கள்' என்றுதான். 2006இல் பொலிவியா தனக்குப் புதிய அரசியலமைப்பு எழுதுவதற்காக ஒரு சபையைக் கூட்டியது. அதன் தலைவி ஆசனத்தில் அமர்ந்த சில்வியா லசார்த்தே, கெச்சுவா விவசாயப் பெண். அவரும் ஒரு பார்த்தோலினா.